தலையில் அடி: இல்லை

அந்தப் பார்சல் கிடங்கில் அவளை அண்ணி என்று கூப்பிடும் உரிமை உண்மையில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவளுடைய கணவனின் தங்கைக்கு. ஆனால் அந்த ஒருத்தி நிறுவனத்தின் பெண்கள் ரக்பி அணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு "அண்ணீ!" என்று தொண்டை கிழியக் கத்தியதில், மற்ற பெண்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. பிறகு வாசல் காவலாளி கூப்பிட்டார். கடைசியில், அவளைவிடப் பதினைந்து வயது மூத்த தலைமைப் பயிற்சியாளரே ஒருநாள் வாய் தவறி, "அண்ணி, அந்த மூட்டைகளை உள்ள எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

காலையில் கிடங்கில் பார்சல் பிரிப்பாள். மதியத்துக்கு மேல், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்தில் மோதல் பயிற்சி கொடுப்பாள். ஓடவும் பந்தை வீசவும் சொல்லிக்கொடுக்கத் தலைமைப் பயிற்சியாளர் இருந்தார். வாயைவிட விசிலால் அதிகம் பேசுகிறவர் என்பதால் அவருக்கு விசில் சார் என்று பெயர். எப்படி இடிப்பது, இடி வாங்கி எப்படி விழுவது, விழுந்தவளைச் சுற்றி நடக்கும் தள்ளுமுள்ளில் பந்தை எப்படிக் காப்பது, எப்படிப் பறிப்பது என்பதெல்லாம் அண்ணியின் இலாகா.

அந்தத் தள்ளுமுள்ளுக்குத்தான் ரக் என்று பேர். பந்தோடு ஓடியவள் தரையில் சாய்ந்ததும் பந்தை விட்டாக வேண்டும். அது யாருக்கும் இல்லாமல் கிடக்கிற இரண்டு மூன்று நொடிக்குள் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஓடிவந்து, விழாமல் காலில் நின்றபடியே ஒருவரையொருவர் தள்ளி, பந்தைத் தங்கள் பக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் புகுந்தால் தப்பு. தன் ஆட்களுக்குப் பின்னாலிருந்து நேராக வரவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பஸ்ஸில் இடம் பிடிக்கிற சண்டை மாதிரிதான் இருக்கும். கிட்டே வந்தால்தான் அதற்குள் எத்தனை கணக்கு இருக்கிறது என்று தெரியும். முதுகு பலகை போல நேராக இருக்க வேண்டும். தோள் இடுப்பைவிடத் தாழக் கூடாது. கண் தரையைப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், தலை எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாத்தனாருக்குப் பூட்டு என்ற பட்டப்பெயரை வைத்ததும் அண்ணிதான். எதிரணிக்காரி விழுந்த மறுநொடி பந்தின் மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் பற்றிக்கொள்வாள். அப்புறம் கடப்பாரை போட்டு நெம்பினாலும் வராது. இருபத்தேழு வயது. நாலு வருடமாகக் கிடங்கில் தற்காலிக ஊழியர். ஒவ்வொரு வருடக் கடைசியிலும், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று அந்த வீடே சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்திருக்கும். அந்த வருடம் மேலாளர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். இறுதிப் போட்டிக்கு இறங்கும் இருபத்துமூன்று பேர் பட்டியலில் யார் பேர் இருக்கிறதோ, அவர்களுக்கு வேலை நிரந்தரம். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி.

இறுதிப் போட்டிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அது ஒரு திங்கட்கிழமை.

"நீ சீக்கிரம் விட்டுடுற" என்றாள் அண்ணி. "பந்து மேல கை வச்சதும் மனசுக்குள்ள மூணு எண்ணு. அதுக்குள்ள எவ வந்து முட்டினாலும் விடாத. நடுவர் பாத்துப் பந்தை நமக்குக் குடுக்கணும்ல?"

"எண்ணிட்டாப் போச்சு" என்றாள் பூட்டு.

எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதை எண்ணும்போது, லாரி என்று எல்லாரும் கூப்பிடும், சுமை இறக்கும் பகுதியில் வேலை செய்கிற பெண் ஓடிவந்தாள். லாரி தப்பாக ஒன்றும் செய்யவில்லை. நேராகத்தான் வந்தாள், தாழ்வாகத்தான் வந்தாள். ஈரத்தில் கால் வழுக்கி முழங்கால் முன்னால் வந்துவிட்டது. அது போய்ப் பூட்டின் நெற்றிப்பொட்டில் இடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. கதவை யாரோ சாத்தியது போல ஒரு 'டொப்'.

பூட்டு எழுந்தாள். மேல்சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினாள். நேராகப் போய் பயிற்சிக்காக எதிரணியாக நின்ற மஞ்சள் சட்டைக்காரிகளோடு வரிசையில் நின்றுகொண்டாள்.

"அடியே, கட்சி மாறிட்டியா?" என்று லாரி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பூட்டும் சிரித்தாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை அவள் பத்து வருடமாக வீட்டுக்குள் பார்க்கிறவள். அது அவளைப் பார்த்தது, ஆனால் அவள் மேல் வந்து நிற்கவில்லை.

விசில் சார் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். அண்ணி சாமான் அறைக்குப் பின்னால் பூட்டைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"காலையில யார்கூட வேலைக்கு வந்த?"

பூட்டு கொஞ்சம் யோசித்தாள். "உங்ககூடத்தான?" என்றாள், கேள்வியாக. அன்று காலை அவள் தனியாகத்தான் வந்திருந்தாள்.

"பிசியோகிட்ட போலாம், வா."

"அண்ணி." பூட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தலையில அடின்னு எழுதினா மூணு வாரம் உக்கார வச்சிடுவாங்க. உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அந்த லேபிள் பிரிவுக்காரிய உக்கார வச்சாங்களே. நாலு வருஷம் அண்ணி. இன்னும் பதிமூணே நாள். நான் பாத்துக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மூன்று வாரம் என்பது அண்ணிக்கும் தெரியும். மூன்று எண்ணச் சொன்னது யார் என்பதும் தெரியும். பூட்டு அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள் அண்ணி. அந்த ஒரு வார்த்தையோடு கதவு சாத்திக்கொண்டது.

வீடு மூன்றாம் மாடியில். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு நடை. அந்த நடையில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அன்று சாயங்காலம் பூட்டு நேராக அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள்.

"இவளுக்கு என்ன? விளக்குப் போட்டா கண்ணு கூசுதுங்கறா" என்றாள் மாமியார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"வெயில்ல நின்னது அத்தை."

"இன்னிக்கு எங்க வெயில் அடிச்சது?"

அண்ணி தட்டு கழுவத் திரும்பினாள். குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பி வழிந்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் இருந்தது. பூட்டு வாந்தியெடுக்கிறாள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளியலறை. மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். அண்ணிக்கு நன்றாகவே கேட்டது. கையில் இருந்த தட்டை அவள் இரண்டு தடவை கழுவினாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. முதல் பொய் விசில் சாரிடம். "தோள்பட்டை பிடிச்சிருக்கு சார். ஒரு வாரம் மோதல் வேண்டாம், ஓட மட்டும் விடலாம்." அவர் தலையாட்டினார். "நீங்க சொன்னா சரி அண்ணி." இரண்டாவது பொய், அணிக்குக் காயம் பார்க்கிற பிசியோவிடம். தோள்பட்டை என்றால் அவர் பார்க்காமல் விடுவாரா? "நான் வீட்லயே தைலம் தேய்ச்சிட்டேன் சார், இப்ப நல்லாயிருக்கு" என்று சொல்லி, அன்றிலிருந்து அவர் அறைப் பக்கமே போகாமல் சுற்றுவழியாக நடந்தாள்.

மூன்றாவது பொய் எழுத்தில். ஒவ்வொரு சனிக்கிழமையும் மோதல் பயிற்சிப் பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் ஒரு வரி. எத்தனை நிமிடம் மோதல், யாருக்கு என்ன காயம். கடைசிக் கட்டத்தில் அச்சடித்தே இருக்கும்: தலையில் அடி. ஆம், இல்லை. பூட்டின் வரிக்கு வந்ததும் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் 'இல்லை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். மற்ற இருபத்துநாலு வட்டங்களைவிட அது அழகாக விழுந்தது.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் நாத்தனாரின் வேலை போகும். இப்போது சொன்னால் நாத்தனாரின் வேலையோடு தன் பேரும் போகும். சொல்லாமல் விட்டால்... அதற்குமேல் யோசிக்க முடியாமல் அண்ணி எழுந்து போய்விடுவாள். பூட்டு தேறிக்கொண்டு வந்தாள் என்பதுதான் இதில் இன்னும் கொடுமை. வாந்தி நின்றது. விளக்கு கூசவில்லை. வியாழக்கிழமைக்குள் அம்மாவோடு பழையபடி சண்டை போட்டாள். ஆனால் ஒரு தடவை தேநீரை அடுப்பில் வைத்துவிட்டு, வைத்ததையே மறந்து வேறு பாத்திரத்தில் இன்னொரு தேநீர் வைத்தாள். எல்லாரும்தான் மறப்பார்கள். அண்ணி இரண்டு தேநீரையும் தானே குடித்தாள்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை முழு மோதல் ஒத்திகை.

"ஒரு வாரம் ஆச்சு. தோள்பட்டை சரியாயிடுச்சுல்ல?" என்று விசில் சார் பூட்டிடம் கேட்டார். "இன்னிக்கு முழுசா இறங்கணும். இன்னிக்கு இறங்கறவங்கதான் பட்டியல்ல."

"இறங்கறேன் சார்."

அண்ணி தானே மெத்தைக் கேடயத்தை எடுத்துக்கொண்டாள். பூட்டு பந்தின் மேல் கவிழும்போதெல்லாம் வேறு யாரையும் விடாமல் தானே ஓடிவந்து தள்ளினாள். தள்ளினாள் என்று சொல்வதைவிடத் தொட்டாள் என்று சொல்லலாம்.

"என்ன அண்ணி, நாத்தனாருக்கு மட்டும் பஞ்சு மெத்தையா?" என்றாள் லாரி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பூட்டின் முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எல்லாரும் பாக்கறாங்க. காட்டிக்கொடுத்துடாதீங்க. ஒழுங்கா அடிங்க."

விசில் அடித்தது. "அண்ணி, நீங்க வெளிய வாங்க! லாரி, நீ போ. நிஜ வேகத்துல!"

அண்ணி வெளியே வந்தாள். நாலு அடி தள்ளி நின்றாள். ஒருத்தி பந்தோடு ஓடி வந்து விழுந்தாள். பூட்டு கவிழ்ந்தாள். முதுகு நேர், கால் அகலம், கை பந்தில். அண்ணி சொல்லிக்கொடுத்தது ஒவ்வொன்றும் அச்சு அசலாக அப்படியே இருந்தது. கழுத்து மட்டும் வெளியே நீண்டு, நெற்றிப்பொட்டு முன்னால் இருந்தது. லாரி இருபது அடி தூரத்தில் கிளம்பினாள். அவள் ஷூ ஈரப் புல்லில் அறைகிற சத்தம் கேட்டது.

"நில்லு!"

யார் கத்தியது என்று அண்ணிக்கே முதலில் தெரியவில்லை. லாரி கஷ்டப்பட்டுப் பக்கத்தில் திரும்பி, தடுமாறி, உருண்டு போய் விழுந்தாள்.

"அவளுக்குத் தலையில அடி பட்டிருக்கு. போன திங்கள்கிழமைக்கு முந்தின திங்கள். எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்."

பூட்டு பந்தை விடாமலே தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு லாரியின் முழங்காலே தேவலை.

பிசியோவின் அறையில் பூட்டுக்கு அரைமணி நேரம் சோதனை நடந்தது. பத்து வார்த்தையைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னாள். மாதங்களைப் பின்னாலிருந்து சொன்னாள். ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றாள். எல்லாம் சரியாகவே செய்தாள். பிசியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கா. ஆனா நீங்க இப்படி எல்லார் முன்னாடியும் சொன்னதுக்கப்புறம் நான் விட முடியாது அண்ணி. இன்னிலேர்ந்து பன்னிரண்டு நாள்."

"மூணு வாரம் இல்லையா?" என்றாள் அண்ணி.

"அது போன வருஷம். பெரியவங்களுக்கு, முதல் தடவைன்னா, இப்ப பன்னிரண்டுதான். ஒரு மாசமா அந்தப் பலகையில சுற்றறிக்கை தொங்குது." பலகையைக் காட்டினார். தொங்கிக்கொண்டுதான் இருந்தது, நாலு மூலையிலும் ஊசி குத்தி. "அடி பட்ட அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா, நாளையோட பன்னிரண்டு முடிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை நானே கையெழுத்துப் போட்டு இறக்கி விட்டிருப்பேன்."

பூட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அவ இத்தனை நாளும் ஓய்வுலதான் இருந்தா சார். மோதலே கிடையாது. நானே பாத்துக்கிட்டேன்" என்றாள் அண்ணி.

"யார் சொல்றது? பதிவேடா?" என்றார் பிசியோ. கடுமையாகச் சொல்லவில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். "பதிவேட்டுல அடியே படலைன்னு இருக்கு. உங்க கையெழுத்து. அதை நம்பி நான் எப்படி எண்ணுவேன்?"

அணி ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தது. பூட்டு இல்லாமலே ஜெயித்தது, அதுவும் நன்றாகவே. பூட்டின் இடத்தில் இறங்கிய ஒல்லிப் பெண் ரக்கில் இரண்டு தடவை பந்தைப் பறித்தாள். இருபத்துமூன்று பேருக்கும் திங்கட்கிழமை காலை கடிதம் வந்தது. அண்ணிக்கும் ஒரு கடிதம் வந்தது. பொய்ப் பதிவு செய்ததற்காக அவள் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலக்கப்படுகிறாள். முழு நேரமும் பார்சல் பிரிவில் இருக்க வேண்டும். விசில் சார் அவளைப் பார்க்கும்போது விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் நடந்தார்.

பூட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். "படத்துல ஒண்ணும் இல்ல. ஆனா படத்துல தெரியற விஷயமில்ல இது" என்று டாக்டர் சொன்னார். மாமியாருக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

"ஒண்ணுமே இல்லையாம்" என்றாள், சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே. "ஒண்ணுமே இல்லாததுக்கா என் பொண்ணோட வேலையைக் கெடுத்த?"

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவன் அம்மாவை அதட்டினான். அப்புறம், தனியாக, கைலியில் கையைத் துடைத்தபடி சொன்னான்: "நீ சொன்னது சரிதான். ஆனா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். பலகையில் ஊசி குத்தித் தொங்கிய அந்தக் காகிதம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. அன்று அந்த அறைக்குள் பத்தடி நடந்திருந்தால் போதும்.

பூட்டு பேசவில்லை. வீட்டுக்குள் எங்கே போனாலும் அந்த நடையைக் கடந்துதான் ஆக வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இருவரும் எதிரெதிரே வந்தார்கள். இருபது தடவையும் பூட்டு சுவரோடு ஒட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, அண்ணி போகும்வரை நிற்பாள். சண்டை போட்டால் எதிர்த்துத் தள்ளலாம். ஒட்டிக்கொண்டு நிற்கிறவளை என்ன செய்வது? கிடங்கிலும் விடிவு இல்லை. பார்சல் பெல்ட் ஒரு நிமிடம் நின்றால் மேற்பார்வையாளர் மணி அடிப்பார். அவள் நிற்கிற இடத்துக்கு எதிரே உயரத்தில் ஒரு சன்னல். அதில் மைதானத்தின் ஒரு துண்டு தெரியும்.

பன்னிரண்டு நாள் முடிந்து பூட்டு பயிற்சிக்குத் திரும்பினாள். ஒப்பந்தம் வருடக் கடைசிவரை இருந்தது. அடுத்த போட்டித் தொடரும் இருந்தது; அதில் தேறினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. மோதல் பயிற்சியை இப்போது விசில் சாரே எடுத்தார். அண்ணி சன்னல் வழியாகப் பார்த்தாள். அவருக்கு வேகம் வேண்டும், வேறொன்றும் தெரியாது. விசில் அடித்ததும் பெண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆடு முட்டுவது போலப் போய் முட்டினார்கள். நாலாவதாகப் பூட்டு. அவளும் தலையைக் கவிழ்த்தாள்.

அண்ணியின் கை நின்றுவிட்டது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒன்று கீழே விழுந்தது. மணி அடித்தது. "என்னம்மா, தூங்கறியா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். குனிந்து பெட்டியை எடுத்துவிட்டு நிமிர்வதற்குள், சன்னலில் வெறும் புல்தான் இருந்தது. யார் விழுந்தார்கள், யார் எழுந்தார்கள் என்று ஷிப்ட் முடியும்வரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பூட்டு நடையில் எதிரே வந்தாள். இந்தத் தடவை சுவரோடு ஒட்டவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"விசில் சார் சொல்லிக்கொடுக்கறது தப்புதான?"

இத்தனை நாளில் அதுதான் முதல் வார்த்தை. அண்ணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "தப்புதான்."

"அப்ப எப்படின்னு காட்டுங்க."

"மாட்டேன். நீ போகாத."

"போவேன். வேற வழி இருக்கா எனக்கு? நீங்க காட்டலைன்னா அவர் சொல்ற மாதிரியே போவேன்."

"என்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. நிறைய இருக்கு. அது வேற." பூட்டு தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "காட்டுங்க."

காட்டினால் இவளைத் திரும்பவும் தானே அனுப்பிவைக்க வேண்டும். காட்டாவிட்டால் ஆடு மாதிரி போய் முட்டுவாள். அண்ணி செருப்பு அடுக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். வேலை முடிந்து அப்போதுதான் படியேறி வந்த கணவனை, டிபன் பையை வைக்கக்கூட விடாமல், தரையில் படுக்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"நீங்கதான் விழுந்தவ. தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கோங்க. அதான் பந்து."

"மூணு மாடி ஏறி வந்தவனை..." என்று முனகிக்கொண்டே படுத்தான்.

பூட்டு நடையின் கோடியிலிருந்து வந்தாள். தோள் இரண்டு சுவரிலும் உரசியது. அண்ணி எதிரே குனிந்து நின்றாள். இருவர் மூச்சும் ஒருவர் முகத்தில் ஒருவர் பட்டது. பூட்டின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, தன் இடுப்புக்கு வெளிப் பக்கமாக, கன்னம் ஒட்டுகிற மாதிரி வைத்தாள்.

"இங்க. தலை எப்பவும் இங்க. முன்னாடி வராது. நீ பந்து மேல இருக்கும்போது எதிர்ல ஒருத்தி கிளம்பறது தெரிஞ்சா, அந்தப் பந்து உனக்கு வேண்டாம். கையை எடுத்துடு."

"பந்து போயிடுமே?"

"போகட்டும்."

"பந்தை விட்டா அவர் என்னை எடுத்துடுவாரு அண்ணி."

அண்ணி பிடியை விடவில்லை. அவள் கையில் அந்தத் தலை சூடாக, கனமாக இருந்தது. நெற்றிப்பொட்டில் நரம்பு துடிப்பது விரலில் தெரிந்தது.

மாமியார் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து பார்த்தாள். தரையில் மகன், அவன் மேல் மகள், அவள் தலை மருமகளின் கையில். "இது என்ன கூத்து?" என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை" என்றாள் அண்ணி. பூட்டு கோடிக்குத் திரும்பி நடந்தாள்.